நம்ம குதிரை எங்கே? ரேஸ் ஒளிபரப்பைப் பார்க்கவும் கேட்கவும் ஒரு வழி

குதிரை ரேஸ் ஒளிபரப்பு தேறுமா தேறாதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். ரேஸ் முடிந்ததும், பாதி வழியில் 4-ம் நம்பர் குதிரை எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வர்ணனையாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார். முடியாவிட்டால் கத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தச் சோதனை அப்பாவிடமிருந்து வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, அவருக்கு ஓரப் பார்வை மட்டும் மிஞ்சிய பிறகு, கடைசி 11 வருடம் அவர் ரேஸைக் காதால்தான் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வர்ணனையாளர் விட்டதை நிரப்ப வேண்டும். பத்து வினாடிக்கு ஒரு முறை அதே கேள்வி வரும்: "ஏம்மா, நம்மாளு எங்க?" முதல் வருடம் எனக்குப் பதில் சொல்லவே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் பன்னிரண்டு குதிரைகள், மேலே கலர் கலராகச் சட்டை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. அந்தப் பதிலைச் சொல்லக் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் உதவும், கட்டாதவர்களுக்கும் உதவும். நான் கட்டுவதில்லை. ஏன் என்பது நடுவில் வரும்.

முதலில் பென்சில்

ரேஸ் தொடங்குவதற்குக் குறைந்தது பத்து நிமிடம் முன்னால், ஓடப்போகும் குதிரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். நம்பர், பெயர், ஜாக்கியின் சட்டை நிறம், தொப்பி நிறம். எழுதினால் மட்டும் போதாது, கலர் பென்சிலால் சிறிய சட்டை வரைந்து தீட்டுங்கள். சிரிக்காதீர்கள், தொழில்முறை வர்ணனையாளர்கள் பலரும் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் ஓட்டத்தின்போது குதிரையின் முகத்தைப் பார்ப்பதில்லை, நம்பரையும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சட்டையைப் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள். ஒரு ரேஸ் முடிந்ததும் அந்த நிறங்களை மனதிலிருந்து துடைத்துவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு முறை.

சட்டையின் நிறம் குதிரையின் உரிமையாளருக்குச் சொந்தம், ஜாக்கிக்கு இல்லை. ஒரே முதலாளிக்கு ஒரு ரேஸில் இரண்டு குதிரை இருந்தால் சட்டை ஒன்றுபோல இருக்கும், தொப்பிதான் வேறுபடும். இது தெரியாமல் ஒரு தடவை கடைசி வரை தவறான குதிரையை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஜெயித்துவிட்டதாக எழுந்து நின்று கை தட்டினார். உண்மையில் நம்மாள் ஆறாவது.

இந்தத் தயாரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1967-ம் வருட கிராண்ட் நேஷனல் ஓட்டத்தைச் சொல்லலாம். இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும், வேலி தாண்டும் நீண்ட ரேஸ் அது. அந்த வருடம் 44 குதிரைகள். 23-ம் வேலியில், ஜாக்கியை ஏற்கெனவே தள்ளிவிட்டு வெறுமனே ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த கூட்டம் முழுக்க மோதி நின்றுவிட்டது. வெகு தூரம் பின்தங்கி வந்த ஃபாய்னவான் என்ற குதிரை மட்டும் இடைவெளி பார்த்துத் தாண்டிப் போய் ஜெயித்தது. அந்தப் பகுதிக்கு பிபிசியில் வர்ணனை சொன்னவர் மைக்கேல் ஓ'ஹெஹிர். அத்தனை அமளியில், யாரும் கவனிக்காத ஒரு குதிரையின் பெயரை அவர் தட்டுத் தடுமாறாமல் சொன்னார். அந்த ஜாக்கியின் நிறத்தை ரேஸுக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தார் என்பதுதான் ரகசியம். இன்றும் அந்த வேலிக்குப் பெயர் ஃபாய்னவான்.

கடைசியில் வரும் என்று நினைக்கும் குதிரைக்கும் சட்டை தீட்டுங்கள் என்று அப்பா வற்புறுத்தியது இதனால்தான்.

ஆட்ஸ்: ஒரு சின்னக் கூட்டல்

ஒளிபரப்பில் மிக அதிக நேரம் திரையில் நிற்பது ஆட்ஸ் (odds), அதாவது போட்ட பணத்துக்கு எவ்வளவு லாபம் என்று சொல்லும் விகிதம். அதை வாசிக்கத் தெரியாமல் ரேஸ் பார்ப்பது கஷ்டம். வாசிக்கத் தெரிந்தால் பந்தயம் கட்டுவது கஷ்டம்.

5-க்கு 2 என்றால், 2 போட்டு ஜெயித்தால் 5 லாபம், போட்ட 2 திரும்ப வரும். இதை வாய்ப்பாக மாற்ற, பின்னால் உள்ள எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 2 வகுத்தல் 7, அதாவது சுமார் 28.6 சதவீதம். இப்படி ஒரு ரேஸில் உள்ள எல்லாக் குதிரைக்கும் போட்டுக் கூட்டுங்கள். ஆறு குதிரை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 6-க்கு 4, 3-க்கு 1, 4-க்கு 1, 6-க்கு 1, 10-க்கு 1, 16-க்கு 1. சதவீதமாக 40, 25, 20, 14.3, 9.1, 5.9. கூட்டினால் 114.3.

ஒரு ரேஸில் ஒரு குதிரைதான் ஜெயிக்க முடியும், எனவே மொத்தம் 100தான் இருக்க வேண்டும். மேலே இருக்கும் 14.3 புக்கியின், அதாவது ஆட்ஸ் சொல்லிப் பந்தயம் வாங்குகிறவரின், பங்கு. எல்லாக் குதிரையின் மீதும் அந்தந்த விகிதத்தில் மொத்தம் 114.3 போட்டால், எது ஜெயித்தாலும் 100தான் திரும்பி வரும். அதாவது போட்டதில் எட்டில் ஒரு பங்கு, ரேஸ் ஓடுவதற்கு முன்பே போய்விட்டது.

டோட் வேறு மாதிரி. அதில் புக்கி கிடையாது. எல்லோர் பணமும் ஒரே குவியலில் விழுகிறது, நடத்துகிறவர் தன் பங்கையும் வரியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கிறார். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் தொடங்கிய முறை இது. 1913-ல் ஜார்ஜ் ஜூலியஸ் செய்த கணக்கிடும் இயந்திரம் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் முதலில் ஓடியது. கம்பியும் எடைக் கற்களும் சைக்கிள் செயினும் வைத்துக் கட்டிய, அறை நிறைய நிற்கும் இயந்திரம். கணக்கு எளிது: குவியலில் 1000 இருக்கிறது, 20 சதவீதம் எடுத்தால் 800. ஜெயித்த குதிரை மீது இருந்தது 200 என்றால், 1-க்கு 4 கிடைக்கும். எடுக்கும் பங்கு இடத்துக்கு இடம், பந்தயத்தின் வகைக்கு ஏற்ப மாறும். 15 முதல் 25 சதவீதம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஃபாய்னவான் ஜெயித்த அன்று புக்கிகளின் ஆட்ஸ் 100-க்கு 1. டோட் கொடுத்ததோ 444-க்கு 1. ஒன்று புக்கி பயத்தோடு நிர்ணயித்த விலை, இன்னொன்று அந்தக் குதிரை மேல் எவ்வளவு பேருக்கு நம்பிக்கை இல்லை என்பதன் கணக்கு.

இன்னொன்று. கேட் திறந்து ஓட்டம் தொடங்கிய பிறகும் திரையில் டோட் ஆட்ஸ் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து "திருட்டுப் பசங்க!" என்று அப்பா சத்தம் போடுவார். ஓட்டம் தொடங்கிய பின் யாரோ பணம் போடுகிறார்கள் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் அப்படி இல்லை. கடைசி வினாடிகளில் வெவ்வேறு இடங்களிலிருந்து, இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கில் கட்டுகிறவர்களிடமிருந்து, வந்து குவியும் தொகையைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பச் சிறிது நேரம் பிடிக்கிறது. திரை பின்தங்குகிறது. ஆனால் இதை ஒரு தடவையாவது தெளிவாகச் சொன்ன தொகுப்பாளரை நான் பார்த்ததில்லை. பார்க்கிறவன் மனதில் சந்தேகத்தை வளரவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள்.

பேடாக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. ரேஸுக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். கழுத்திலும் தொடையிடுக்கிலும் வியர்வை நுரைத்திருந்தால், இரண்டு ஆள் பிடித்தும் அடங்காமல் துள்ளினால், சக்தி இங்கேயே செலவாகிறது என்று பொருள் கொள்ளலாம். சில குதிரைகள் எப்போதுமே அப்படித்தான், அப்படியே போய் ஜெயிக்கவும் செய்யும். அதனால் ஒரே குதிரையைப் பல முறை பார்த்தவர்கள் சொல்வதை மட்டும் கேளுங்கள். "பார்க்க அழகாக இருக்கிறது" என்று எல்லாக் குதிரைக்கும் சொல்கிறவர் வரும்போது ஒலியைக் குறைத்துவிட்டு பென்சில் சீவுங்கள்.

கேட் திறந்ததிலிருந்து

ரேஸ் தூரத்தை ஃபர்லாங்கில் சொல்வார்கள். ஒரு ஃபர்லாங் 220 கஜம், சுமார் 201 மீட்டர். எட்டு ஃபர்லாங் ஒரு மைல். குதிரைகளுக்கு இடையிலான தூரத்தை நீளத்தில் சொல்வார்கள். ஒரு நீளம் என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரை, ஏறத்தாழ 8 அடி. நேரத்தில் அது ஐந்தில் ஒரு வினாடி என்பது பழைய கணக்கு. அதற்குக் கீழே கழுத்து, தலை, மூக்கு. "ஐந்து நீளம் பின்னால்" என்று கேட்கும்போது ஒரு வினாடி பின்னால் என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டம் உடனே புரிய ஆரம்பிக்கும்.

முதல் ஃபர்லாங்கில் யார் முன்னே என்பதைவிட, யார் முன்னே போக அடித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று குதிரைகள் சேர்ந்து முன்னால் விரட்டிக்கொண்டால், கடைசியில் பின்னாலிருந்து வருகிறவனுக்கு வேட்டை. ஒரே ஒரு குதிரை தனியாக, தன் வேகத்தில், யாரும் தொந்தரவு செய்யாமல் முன்னே போனால் அதைப் பிடிப்பது கஷ்டம். இந்த ஒரு விஷயத்தை நல்ல வர்ணனையாளர் முதல் அரை நிமிடத்துக்குள் சொல்லிவிடுவார்.

நடுப்பகுதியில் அவர் முன்னிருந்து பின்வரை ஒரு முறை எல்லாப் பெயரையும் சொல்லி முடிக்க வேண்டும். நீண்ட ரேஸ் என்றால் இரண்டு முறை. இடைவெளியும் சேர்த்து: இவன் இரண்டு நீளம் முன்னே, இவனும் அவனும் சேர்ந்து, வேலியோரம் இன்னார், வெளிப்பக்கம் இன்னார். அப்பா இதற்கு "வருகைப் பதிவு" என்று பேர் வைத்திருந்தார். வருகைப் பதிவு எடுக்காத வாத்தியாரிடம் படிக்க மாட்டேன் என்பார். நீங்களும் ரேஸ் நடக்கும்போது தாளில் கடைசிப் பெயர் வரை டிக் போட்டுப் பாருங்கள். பத்துக் குதிரை ஓடிய ரேஸில் மூன்று பெயர் டிக் இல்லாமல் நின்றால், பிழை உங்கள் காதில் இல்லை.

ஃபேவரிட், அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை மீதே கண் வைத்திருப்பது வர்ணனையாளர்கள் பலருக்கும் உள்ள நோய். மக்கள் பணம் அங்கேதான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் ஃபேவரிட் ஜெயிப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை. அப்படியானால் மூன்றில் இரண்டு தடவை அவர்கள் தோற்கப்போகும் குதிரையை வர்ணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பெரிய ரேஸான கென்டக்கி டெர்பியின் 2022-ம் வருட ஓட்டத்தைத் தேடிப் பாருங்கள். ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை, வேறொன்று விலகியதால் முந்தைய நாள்தான் பட்டியலில் நுழைந்தது. ஆட்ஸ் 80-க்கு 1. 20 குதிரைகளில் ஆரம்பத்தில் வால் பக்கம் கிடந்தது. கடைசி நேர் பாதையில் முன்னால் இரண்டு குதிரைகள் மோதிக்கொண்டிருக்க, அதை வர்ணிக்கும் மும்முரத்தில், உள்வேலியோரம் ஏறி வந்த ரிச் ஸ்ட்ரைக்கின் பெயர் கடைசி நொடிகளில்தான் ஒலித்தது. முக்கால் நீளத்தில் ஜெயித்தது. வர்ணனையாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அந்த இடத்தில் நான் என்றால் பெயரே சொல்லியிருக்க மாட்டேன். நேரலைப் படத்திலும் அது தென்படவில்லை என்பதுதான் முக்கியம். பிறகு மேலிருந்து எடுத்த படத்தைப் போட்டார்கள். அதில்தான் ஜாக்கி சோனி லியோன் கூட்டத்துக்குள் ஊசி நூலாக நுழைந்து, ஒரு குதிரையைச் சுற்றி வெளியே வந்து மறுபடி உள்ளே போன பாதை முழுசாகத் தெரிந்தது. அதே ரேஸ்தான், கேமரா இருந்த இடம்தான் வேறு.

கேமரா சொல்லும் பொய்

இதை மட்டும் ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ சண்டை மிச்சம். முக்கிய கேமரா பார்வையாளர் மாடத்தின் உயரத்தில், வெற்றிக் கம்பத்தின் பக்கமாக இருக்கும். குதிரைகள் கம்பத்தை நெருங்கும்போது அது அவற்றைச் சாய்வாக, முன்பக்கத்திலிருந்து பார்க்கிறது. அந்தக் கோணத்தில், தூரத்து வேலியோரம் ஓடும் குதிரை உண்மையில் சமமாக இருந்தாலும் முந்தியிருப்பதாகத் தெரியும். கம்பத்துக்கு நேராக வந்ததும் இரண்டும் சமமாகும். கம்பத்தைத் தாண்டியதும் நம் பக்கத்துக் குதிரை முந்திவிட்டதுபோல் இருக்கும். "கடைசி நொடியில் பறந்து வந்து பிடித்தது" என்று நாம் நினைப்பதில் பாதி, கேமரா திரும்பியதால் வந்த பறப்பு.

எனவே 100 மீட்டர் மிச்சம் இருக்கும்போது நம் பக்கத்துக் குதிரை அரை நீளம் பின்னால் தெரிந்தால் அழ வேண்டாம். தூரத்துக் குதிரை அரை நீளம் முன்னால் தெரிந்தால் குதிக்கவும் வேண்டாம். குதிரைகளைவிட ஜாக்கியின் கையைப் பாருங்கள். அசையாமல் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறாரா, தள்ளிக்கொண்டே இருக்கிறாரா? கை அசையாதவன் குதிரையில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இதோடு சேர்த்து, படம் எப்போது விரிய வேண்டும், எப்போது நெருங்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். 1973 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் ரேஸில் செக்ரடேரியட் என்ற குதிரை 31 நீளத்தில் ஜெயித்தது. 12 ஃபர்லாங், 2 நிமிடம் 24 வினாடி. பழைய படத்தைப் பார்த்தால், பின்னால் வரும் குதிரைகளையும் சேர்த்துக் காட்டக் கேமரா விரிந்துகொண்டே போவது தெரியும். குதிரை சின்னதாகிக்கொண்டே வருகிறது, இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகிறது. அந்த வெற்று மண்ணைக் காட்டியதால்தான் அது எவ்வளவு பெரிய வெற்றி என்று இன்றும் நமக்குப் புரிகிறது. இன்றைய இயக்குநர் யாராவது இருந்திருந்தால் குதிரையின் மூக்குத் துவாரத்துக்குள் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அன்று அந்தக் குதிரைக்கு ஆட்ஸ் 10-க்கு 1 தலைகீழாக, அதாவது 10 போட்டால் 1 லாபம். ஜெயித்த டிக்கெட்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பணமாக்காமலே மக்கள் வைத்துக்கொண்டார்கள். பந்தயச் சீட்டை லாபத்துக்கு இல்லாமல் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான்.

நான் பல வருடம் பார்த்த ஒரு சேனல் திரையின் கீழ்ப்பகுதியில் ஆட்ஸ் பட்டையும், வலது பக்கத்தில் அடுத்த ரேஸின் ஆட்ஸும் போடும். மிஞ்சிய பெட்டிக்குள்தான் குதிரைகள் ஓடும். பின்னால் வரும் நாலைந்து குதிரைகளின் கால் பட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். பின்னாலிருந்து வந்து ஜெயிக்கும் குதிரை என்றால், திடீரென்று பட்டைக்குள்ளிருந்து முளைக்கும். கடிதம் எழுதினேன். பார்வையாளர்களின் விருப்பத்தை மதிக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் பட்டை இன்னும் ஒரு விரல்கடை தடித்தது.

அப்புறம் தாமதம். நீங்கள் "நேரலை" என்று பார்ப்பது சில வினாடிகள் பழையது. இணையத்தில் பார்த்தால் இன்னும் அதிகம், அரை நிமிடம்கூட ஆகலாம். ஒரு நிமிட ரேஸில் அது பாதி ரேஸ். ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தயம் கட்டலாம் என்று ஒளிபரப்பின் நடுவே அழைப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் நிற்கிறவனுக்கு முடிவு ஏறக்குறையத் தெரிந்த நேரத்தில் நீங்கள் வளைவுக்கே வந்திருக்க மாட்டீர்கள். பந்தயம் கட்டியே தீருவேன் என்கிறவர்களுக்கும் இதில் மட்டும் என் கருத்தை ஒளிக்க மாட்டேன்: ஓட்டத்தின் நடுவே கட்டாதீர்கள்.

கோட்டைத் தாண்டிய பிறகு

கம்பத்தைத் தாண்டியதும் சேனலை மாற்றாதீர்கள். நெருக்கமான முடிவு என்றால் போட்டோ பினிஷ் வரும். அந்தப் படம் சாதாரணப் புகைப்படம் இல்லை. கேமரா வெற்றிக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய கீற்று வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கோட்டை எது எப்போது கடந்ததோ அது வரிசையாகப் பதிகிறது. படத்தின் அகலம் தூரத்தைக் காட்டவில்லை, நேரத்தைக் காட்டுகிறது. அதனால்தான் குதிரையின் கால்கள் விசித்திரமாக வளைந்து தெரியும். மூக்கின் நுனியைப் பாருங்கள், அதற்குத்தான் கணக்கு.

விசாரணை அறிவிப்பு வந்தால், ஓட்டத்தை நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தைப் போடுவார்கள். யார் யாரை இடித்தார்கள் என்று அதில்தான் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. நல்ல ஒளிபரப்பு இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு படத்தை மூன்று முறை ஓட்டும். மோசமானது, முன்னாள் ஜாக்கி ஒருவரை வைத்து "எனக்கு ஒன்றும் மாறாது என்று தோன்றுகிறது" என்று சொல்ல வைக்கும்.

குழப்பத்தின்போதுதான் ஒளிபரப்பின் தரம் தெரியும் என்பதற்கு 1993 கிராண்ட் நேஷனல் போதும். இரண்டாவது தடவையும் தவறான தொடக்கம், திரும்பி வரச் சொல்லும் கொடி சரியாக விரியவில்லை. 39 பேரில் 30 பேர் தெரியாமல் ஓடிவிட்டார்கள். ஏழு பேர் முழு தூரத்தையும் முடித்தார்கள். எஷா நெஸ் என்ற குதிரை முதலில் வந்தது. ரேஸ் செல்லாது என்று அறிவித்தார்கள். பிபிசியில் பீட்டர் ஓ'சல்லிவன் அதை ஒரு நிஜ ரேஸ்போல நடித்துக் காட்டவில்லை. இது செல்லாது, இது நடக்கக்கூடாத ஒன்று என்று பார்க்கிறவருக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பதிவை அப்பா இரண்டு முறை முழுசாகக் கேட்டார்.

நோட்டுப் புத்தகம்

இப்போது பணத்துக்கு வருகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா நிஜப் பணத்தில் கட்டினார். இரண்டு முறை வாடகை தள்ளிப்போனது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா சத்தம் போடவில்லை. ஒரு நாள் ஒரு நோட்டையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தாள். "இனிமே இதுல கட்டுங்க. ஒரு வருஷம் கழிச்சு லாபம் காட்டினீங்கன்னா நானே காசு தர்றேன்." அந்தப் பணம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

முறை இதுதான். ரேஸுக்கு முன், உங்கள் குதிரையின் பெயர், அப்போதைய ஆட்ஸ், அதோடு அது ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ரேஸ் தொடங்கிய பின் திருத்தக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு, 1 யூனிட். முடிந்ததும் வரவு எழுதுங்கள். மறுபடி ஓட விட்டு, இந்த முறை ஜெயித்ததை விட்டுவிட்டு நீங்கள் தேர்ந்தெடுத்த குதிரையை மட்டும் பாருங்கள். ஏன் தோற்றது என்று ஒரே வரி. "வளைவில் மூன்று குதிரைக்கு வெளியே ஓடியது." "இடைவெளி கிடைக்கவில்லை." "சும்மா மெதுவாக ஓடியது." மூன்றாவது காரணம்தான் அதிகம் வரும்.

அப்பாவுக்காக நான் எழுதிய முதல் நூறு ரேஸில், எப்போதும் ஃபேவரிட்டையே எடுத்தோம். 31 முறை ஜெயித்தோம். நூறு யூனிட் போட்டு 84 வந்தது. 31 வெற்றியும் அவருக்கு ஞாபகம் இருந்தது, பெயரோடு. இழந்த 16 யூனிட் கணக்கு நோட்டில் மட்டும்தான் இருந்தது. அடுத்த நூறில் நீண்ட ஆட்ஸ் குதிரைகளாக, அதாவது ஜெயிக்க வாய்ப்பு குறைவு என்று கருதப்படுபவையாக எடுத்துப் பார்த்தோம், இன்னும் மோசம். இதற்கும் காரணம் உண்டு. பெரிய லாபம் என்ற ஆசையில் மக்கள் வால் குதிரைகள் மேல் அளவுக்கு மீறிக் கட்டுகிறார்கள், அதனால் அவற்றின் ஆட்ஸ் தகுதியைவிடக் குறைந்துவிடுகிறது. பொருளாதார ஆய்வாளர்கள் பல தலைமுறையாக எழுதி வரும் விஷயம்.

நோட்டில் லாபம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஹாங்காங்கில் பில் பென்டர் போன்றவர்கள் 1980-களிலிருந்தே கம்ப்யூட்டர் மாதிரிகளை வைத்துப் பெரும் பணம் சம்பாதித்தார்கள். ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் பல அளவுகோல்கள், வருடக் கணக்கில் தரவு. டிவி பார்த்துக்கொண்டு கட்டுகிறவர் டோட் குவியலில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒளிபரப்பில் வந்து "இன்றைய என் தேர்வு" என்று சொல்கிறவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே: போன வருடம் சொன்ன எல்லாத் தேர்வுக்கும் 1 யூனிட் போட்டிருந்தால் மிச்சம் எவ்வளவு? அந்த எண்ணைத் திரையின் மூலையில் நிரந்தரமாகப் போட்டால், பட்டை எவ்வளவு தடித்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

நிஜப் பணம் கட்டுகிறவராக இருந்தால், நாள் தொடங்கும் முன் ஒரு தொகையை எழுதி வையுங்கள். அது தீர்ந்ததும் பென்சிலுக்கு மாறுங்கள். போனதைப் பிடிக்கக் கடைசி ரேஸில் இரட்டிப்பாகக் கட்டத் தோன்றினால் அல்லது கட்டியதை வீட்டில் மறைக்கத் தோன்றினால், விஷயம் கைமீறுகிறது. அப்போது வீட்டில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் நோட்டு வந்தது.

மொத்தம் 14 நோட்டுகள் இருக்கின்றன. கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ரேஸுக்குக் குதிரை பெயரும், 8-க்கு 1 என்று ஆட்ஸும், பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரியும்: "அப்பா சொன்னது: வர்ணனை நல்லாருக்கு, குதிரைதான் சரியில்ல."